ஜெர்மன் அக்காவின் எட்டரை மீட்டர்

பார்க்கிங் என்பது கிழக்கு லண்டனில் நாங்கள் குடியிருந்த ஊர். வாகனம் நிறுத்துவதையும் தமிழில் அப்படியேதான் எழுத வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த ஊரில் கிடைக்காத ஒரே பொருள் அதுதான். வேலை முடிந்து வந்து ஒரு சின்னக் காரை விடுவதற்குத் தெருத் தெருவாகச் சுற்றியிருக்கிறேன். அப்படிப்பட்ட எங்கள் வீதிக்குள் ஒரு சனிக்கிழமை காலை, பஸ்போல நீண்ட வெள்ளை வாகனம் ஒன்று மெதுவாக நுழைந்தது. ஜெர்மன் இலக்கத் தகடு. ஓட்டுகிற இருக்கை இடது பக்கம். அதில் ஐம்பது வயதைத் தாண்டிய தமிழ்ப் பெண் ஒருவர், கொண்டை போட்டு, சிவப்புக் குளிர்ச்சட்டையோடு, பூசை தொடங்கக் காத்திருப்பவர்போல அமைதியாக இருந்தார்.

வாசலில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்த என் கணவர் கோப்பையோடு இறங்கிப் போனார்.

"அக்கா, இதுக்குள்ளை உங்கடை வாகனம் கொள்ளாது."

"கொள்ளும் தம்பி. நீர் அந்தக் குப்பைத் தொட்டியை மட்டும் ஒருக்கா அங்காலை தள்ளிவிடும்."

இவர் தள்ளினார். எதிர்வீட்டுப் போலந்துக்காரர் வெளியே வந்து, முடியாது என்று தலையை ஆட்டினார். அவரிடமும் அக்கா ஏதோ சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே போய்த் தன் வானைச் சற்று முன்னுக்கு எடுத்தார். அதற்கு முன்னால் நின்ற காரின் சொந்தக்காரி இரவுச் சட்டையோடு ஓடிவந்து அதையும் நகர்த்தினாள். ஒரு வாகனத்துக்காக முழு வீதியும் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்தது. அக்கா இறங்கியபோதுதான் இன்னொன்று தெரிந்தது. ஜெர்மனியில் வாகனங்கள் வீதியின் வலப்பக்கமாக ஓடுவதால், உள்ளே கட்டிலும் அடுப்புமாகச் சின்ன வீடாக இருந்த அந்த வாகனத்தின் வாசல் கதவும் வலப்பக்கத்தில் இருந்தது. லண்டனில் அது நடுவீதியை நோக்கித் திறந்தது. பின்னால் காத்து நின்ற கார்க்காரர்களைப் பார்த்து, படியில் நின்றபடியே அக்கா ஒரு கும்பிடு போட்டார். ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை.

அவரைக் கண்டு பல வருடங்களாகிவிட்டன. இப்போது எந்த நாட்டில் நிற்கிறார் என்பது, அவர் ஏதாவது ஒரு கடற்கரையைப் படம் எடுத்து அனுப்பும்போதுதான் தெரியும். பெயரை எழுதாமல் விடுகிறேன். எழுதினாலும் எங்கள் வீதியில் யாருக்கும் விளங்காது. கோவிலிலும் கடையிலும் வீதியிலும் அவர் ஜெர்மன் அக்காதான். இருபது வருடத்துக்கு மேல் அந்த நாட்டில் இருந்துவிட்டு, மகன் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்பதற்காக லண்டனுக்கு வந்தவர். கணவர் காலமாகிவிட்டார். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறை எடுத்திருந்தார். ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை.

எந்தப் பொருளும் எந்த இடத்திலும் கொள்ளும் என்பது அவருடைய நம்பிக்கை. அளந்து பார்ப்பதை ஒரு மரியாதைக் குறைவாகவே நினைத்தார். வந்த மாதமே ஒரு சோபா வாங்கினார். படிக்கட்டு திரும்புகிற இடத்தில் அது இறுகிப்போய், மேலேயும் ஏறாமல் கீழேயும் இறங்காமல் நின்றுவிட்டது. கொண்டுவந்தவர்கள் கைவிட்டுப் போய்விட்டார்கள். அக்கா கவலைப்படவில்லை. அதன்மேல் ஏறிக் கடந்து வீட்டுக்குப் போய் வந்தார். நான் என்ன நடந்தது என்று பார்க்கப் போனேன். படிக்கட்டின் நடுவே அந்தச் சோபாவில் என்னை இருத்தி, தானும் பக்கத்தில் இருந்து, தேநீரும் பருத்தித்துறை வடையும் தந்தார்.

"இஞ்சையும் வசதியாத்தானே இருக்கு," என்றார். மறுநாள் என் கணவர் போய்க் கைப்பிடிக் கம்பியைக் கழற்றித்தான் அதை மேலே ஏற்ற முடிந்தது.

ஊருக்குப் போகிறவர்கள் பெட்டி மூட அவரைக் கூப்பிடுவார்கள். சொக்கலேற், பால்மா, யாரோ ஒருவருடைய சப்பாத்து எல்லாவற்றையும் உள்ளே வைத்து, மேலே ஏறி உட்கார்ந்து, கதை சொல்லிக்கொண்டே சிப்பை இழுத்துவிடுவார். விமான நிலையத்தில் அந்தப் பெட்டியைத் திறக்கச் சொன்னால் என்ன ஆகும் என்பது அவருடைய கவலையில்லை.

ஆனால் அவருடைய நம்பிக்கைக்குப் பெரிய சோதனை அந்த வாகனம்தான். கவுன்சில்காரர்கள் அதை வீதியில் விட அனுமதிக்கவில்லை. டாகன்ஹாமில் கராஜ் வைத்திருந்த ஒரு தமிழரின் வளவில் அது நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா போய் எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணி, கண்ணாடி துடைத்து, கொஞ்ச நேரம் உள்ளே இருந்துவிட்டு வருவார். கோடை வந்ததும் எங்காவது போக வேண்டும் என்று பறக்கத் தொடங்குவார்.

இங்கிலாந்தின் வீதிகளும் வேலிகளும் கேற்றுகளும் சின்ன வாகனங்களுக்காகச் செய்யப்பட்டவை. மோட்டார் ஹோம் எனப்படும் இப்படியான வீட்டு வாகனங்களை விட்டுத் தங்குகிற காம்ப் சைட்டுகளில் முதலில் கேட்பது நீளம். நான் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் வேலை செய்தவள். தொலைபேசியில் ஆங்கிலம் கதைப்பதுதான் என் தொழில். அதனால் இடம் பிடிக்கிற வேலை என்னிடம் வந்தது. முதல் தடவை, நோர்ஃபோக் கடற்கரையில் ஒரு இடம். நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டேன்.

"வாகனம் எவ்வளவு நீளம் எண்டு கேக்கினம் அக்கா."

"ஏழரை மீட்டர் எண்டு சொல்லு."

"எட்டரை எல்லோ?"

"பின்னாலை சைக்கிள் கொழுவிற இடத்தையும் முன்னாலை மூக்கையும் விட்டுப் பார்."

"மூக்கை விட்டிட்டு எப்பிடி அக்கா போறது?"

"மூக்கு வெளியிலை நிக்கும். நீ சொல்லு."

நான் சொன்னேன். நாங்களும் எங்கள் இரண்டு பெண்பிள்ளைகளும் அக்காவோடு புறப்பட்டோம். மகன் வரவில்லை. அவன் அந்த வாகனத்தில் ஏறுவதில்லை என்று மட்டும் அக்கா சொன்னார். ஏன் என்று போகிற வழியில் சொன்னார்.

வாகனத்தை வாங்கியது அவருடைய கணவர். தொழிற்சாலையில் வருடக்கணக்காக ஓவர்ரைம் செய்து சேர்த்த காசு. ஐரோப்பா முழுக்கச் சிதறிக் கிடக்கிற சகோதரங்களை ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும், யாருடைய வீட்டிலும் பாய் கேட்கக் கூடாது என்பது அவருடைய ஆசை. விற்பனை நிலையத்திலிருந்து வீட்டு வாசல்வரை ஓட்டிவந்தார். அவ்வளவுதான். முதல் பயணத்துக்குச் சாமான் வாங்கிய வாரம் நெஞ்சுவலி வந்து போய்விட்டார். எல்லோரும் விற்கச் சொன்னார்கள். அக்கா பெரிய வாகனம் ஓட்டுகிற லைசென்ஸ் எடுத்தார். மகனுக்கோ அது அப்பா விட்டுப்போன படியே நிற்க வேண்டும். விற்கவும் கூடாது, ஓட்டவும் கூடாது.

"ரெண்டு பேருக்கும் நடுவிலை இது நிக்குது," என்று அக்கா ஸ்ரியரிங்கைத் தட்டினார். பிறகு கடலை வறுத்து வைத்திருக்கிறேன், எடுத்துச் சாப்பிடுங்கோ என்றார்.

நோர்ஃபோக்கில் மூக்கு வெளியேதான் நின்றது. குளியலறைக்குப் போகிற பாதையை அது மறித்ததால், துவாயும் சோப்புமாக வந்தவர்கள் அதைச் சுற்றிப் போனார்கள். இங்குள்ள வாகனங்களின் கதவுகள் எல்லாம் ஒரு பக்கம் திறக்க, எங்கள் கதவு மறுபக்கம் திறந்தது. திறந்தால் பக்கத்துக் கூடாரத்தின் சாப்பாட்டு மேசை. அங்கே முட்டை பொரித்துக்கொண்டிருந்த வயதான தம்பதி எங்களைத் திகைத்துப் பார்த்தார்கள். அக்கா படியில் நின்று காலை வணக்கம் சொன்னார். பின்னேரம் அவர்கள் மேசையில் அக்காவின் மட்டன் ரோல்ஸ் இருந்தது. பொழுதுபடுவதற்குள் அவர்களாகவே மேசையைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள்.

ஆனால் சைட் மனேஜர் ரோல்ஸுக்கு மசியவில்லை. காலையில் வந்து, பதிவு செய்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். ஏழரை மீட்டர் என்றீர்களே என்று அவர் பார்த்த பார்வையில் எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம்போல இருந்தது. உடனே வெளியேறச் சொன்னார். வெளியேறவும் முடியவில்லை. மழையில் ஊறிய புல்லில் பின்சில்லு புதைந்துவிட்டது. என் கணவர் பின்னால் நின்று தள்ளி, தலைமுதல் கால்வரை சேறாகி, கடைசியில் ஒரு ட்ராக்டர் வந்து இழுத்தது.

"இனி உந்த மனிசியோடை ஒரு இடமும் வரமாட்டன்," என்றார் இவர், வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றியபடி. பிள்ளைகள் இருவரும், அடுத்த தடவை எப்போது என்று கேட்டார்கள்.

அடுத்த தடவை நாங்கள் விரும்பிப் போகவில்லை.

வீட்டுக்காரர் எங்கள் வாடகை வீட்டை விற்றுவிட்டார். பிடித்துவைத்திருந்த புது வீட்டில் தண்ணீர்க் குழாய் வெடித்து நிலப்பலகை எல்லாம் கழற்றப்பட்டுவிட்டது. ஈஸ்டர் விடுமுறை முடிந்து சில நாட்களின் பின்தான் சாவி என்றார்கள். சாமான்களை ஒரு களஞ்சியத்தில் அடுக்கிவிட்டு, நாங்கள் நாலு பேரும் எங்கே போவது என்று தெரியாமல் நின்றோம். ஹவுன்ஸ்லோவில் இவருடைய ஒன்றுவிட்ட தம்பி ஒரு அறை தருகிறேன் என்றான். ஆனால் அது லண்டனின் மறு முனை. இவருக்குப் பார்க்கிங்கில் அதிகாலை ஷிப்ட், எனக்கு கிளினிக், விடுமுறை முடிந்தால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்.

"என்ரை வீட்டை வாங்கோ. கொள்ளும்," என்றார் அக்கா. இரண்டு அறை, ஒரு வளர்ந்த மகன், அந்தச் சோபா. இவர் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்றேன். அக்கா யோசித்தார்.

"அப்ப வாகனத்திலை இருங்கோ. நாலு பேர் நல்லாப் படுக்கலாம். ஆனா உதை நிப்பாட்ட ஒரு இடம் வேணும்."

கராஜ் வளவில் தண்ணியும் இல்லை, ரொய்லெற்றும் இல்லை. ஒரு காம்ப் சைட்தான் வேண்டும், அதுவும் காலையில் வேலைக்குப் போய் வரக்கூடிய தூரத்தில். கிளினிக்கில் மதிய இடைவேளையில் சான்ட்விச்சை ஒரு கையிலும் போனை மறு கையிலும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகக் கூப்பிட்டேன். ஒரு இடத்தில் ஈஸ்டருக்கு எல்லாம் நிரம்பிவிட்டது. இன்னொரு இடத்தில் கூடாரங்கள் மட்டும்தான். பாரமான வாகனத்தைப் புல்லில் விடமாட்டோம் என்றது ஒன்று. எட்டரை என்றதும் சிரித்துவிட்டு வைத்தது ஒன்று. ஆம், எட்டரை என்றுதான் சொன்னேன். நோர்ஃபோக் மனேஜரின் முகம் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. இந்தமுறை பிள்ளைகளோடு போய் நின்று துரத்தப்பட நான் தயாராக இல்லை.

கடைசியாக, எஸ்ஸெக்ஸ் எல்லையில் ஒரு பண்ணை. வயல் ஓரத்தில் சில வாகனங்களுக்கு இடம் கொடுக்கிறவர். கரகரத்த குரல். ஏழரைக்கு மேல் என்னிடம் இடம் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டார். நான் அக்காவிடம் போய் அழாக்குறையாகச் சொன்னேன்.

"இடமில்லை எண்டவரோ, ஏழரைக்கு மேலை இடமில்லை எண்டவரோ?"

"ஏழரைக்கு மேலை."

"அப்ப இடம் இருக்கு. காரை எடு."

நாங்கள் இருவரும் என் காரில் போனோம். பண்ணைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். முழங்கால்வரை றப்பர் சப்பாத்து, பக்கத்தில் நொண்டுகிற நாய். நான்தான் போனில் கதைத்தவள் என்றதும் முகத்தைச் சுளித்தார். ஆனாலும் காட்டினார். வேலியோரம் பிரிக்கப்பட்ட இடங்கள் எல்லாம் உண்மையிலேயே சிறியவை. அக்காவுக்கே அது தெரிந்தது. அவர் அவற்றைப் பார்க்கவில்லை. வைக்கோல் கொட்டிலின் பக்கத்தில் நீளமாகச் சீமெந்து போட்ட ஒரு தரை இருந்தது. தண்ணீர்க் குழாய், மின்சாரப் பெட்டி எல்லாம் அருகிலேயே. எங்கள் வாகனத்துக்காகவே போட்டதுபோல இருந்தது. ஆனால் அதன் நடுவில், சில்லுக் காற்றுப்போய், பாசி படிந்து, குதிரை ஏற்றுகிற பழைய இழுவை வண்டி ஒன்று நின்றது.

"இது ஏன் இங்கே நிற்கிறது?" என்று அக்கா, ஜெர்மன் கலந்த தன் ஆங்கிலத்தில் கேட்டார்.

பண்ணைக்காரர் குனிந்தார். நாயைத் தட்டிக்கொடுத்தார். பிறகு, என் மனைவியுடையது என்றார். குதிரைகளை விற்றாயிற்று. இதை மட்டும் அவள் நிறுத்திய இடத்திலேயே விட்டிருக்கிறேன் என்றார்.

நான் அக்காவைப் பார்த்தேன். இப்போது சொல்லப்போகிறார், கொஞ்சம் அங்காலை தள்ளினால் கொள்ளும் என்று. ஒரு வீதியையே ஒதுங்க வைத்தவர். அவர் வண்டிக்குக் கிட்டப் போனார். இழுவை வண்டியின் பக்கவாட்டில் கையை ஒருமுறை வைத்து எடுத்தார்.

"என் கணவர் எங்கள் வாகனத்தை ஒரே ஒரு தடவை ஓட்டினார். கடையிலிருந்து வீட்டுக்கு," என்றார். அவ்வளவுதான். நன்றி சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கார்க் கதவை அடித்துச் சாத்தினேன்.

"ஒருக்காக் கேட்டிருக்கலாம்தானே அக்கா? எனக்கு வேறை இடமில்லை."

"கேட்டிருக்கலாம்."

"பின்னை ஏன் கேக்கேல்லை?"

"என்னட்டை எத்தினை பேர் விக்கச் சொல்லிக் கேட்டவை தெரியுமோ? ஒவ்வொருத்தருக்கும் நல்ல காரணம் இருந்தது." பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, "காரை எடு. பிள்ளையள் பாத்துக்கொண்டு நிப்பினம்," என்றார்.

என்னுடைய இலக்கத்தைப் பண்ணைக்காரரிடம் கொடுத்திருந்தேன். மறுநாள் கிளினிக்கில் இருக்கும்போது அவர் கூப்பிட்டார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. கொட்டிலுக்குள் இடம் செய்து வண்டியை உள்ளே விட்டாயிற்று, மழை படாமல் நிற்கட்டும், நீங்கள் வரலாம் என்றார். நான் போனை வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டேன். பல்வலியோடு முன்னால் நின்றவர், ஏதும் கெட்ட செய்தியா என்று கேட்டார்.

சனிக்கிழமை காலை வாகனம் போய்ச் சேர்ந்தது. கேற்றடியில் நின்று பார்த்த பண்ணைக்காரர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். கேற்று ஒடுக்கம். அக்கா கண்ணாடிகளை மடக்கினார். "கொள்ளும்," என்று அவர் எங்களிடம் சொன்ன குரல் பழைய குரலாக இருந்தது. அங்குலம் அங்குலமாக உள்ளே விட்டார். என் கணவர் ஒரு பக்கம் நின்று கையைக் காட்ட, பண்ணைக்காரர் மறுபக்கம் கத்த, நாய் நடுவில் நின்று குரைத்தது. பாதியில் ஒரு கிறீச்சிடும் சத்தம். பண்ணைக்காரர் போய் ஒரு ஸ்பானரைக் கொண்டுவந்து, கேற்றையே பிணைச்சலிலிருந்து கழற்றிப் புல்லில் சாய்த்தார். வாகனம் உள்ளே போனது, பக்கத்தில் ஒரு நீளக் கீறலோடு. அக்கா இறங்கிக் கீறலைத் தடவிப் பார்த்தார். "பரவாயில்லை. மற்றப் பக்கம் நல்லாத்தானே இருக்கு," என்றார்.

அங்கே இருந்த வாரங்களை என் பிள்ளைகள் இன்றுவரை எங்கள் வாழ்க்கையின் நல்ல காலம் என்று சொல்கிறார்கள். காலையில் கண்ணாடிக்கு வெளியே மாடுகள் நின்று எங்களைப் பார்க்கும். ஒருவர் பல் தீட்டினால் மற்ற மூவரும் கட்டிலில் ஏறி இருக்க வேண்டும். இவர், சேற்றோடு நின்று சத்தியம் செய்த அதே மனிதர், ஷிப்ட் முடிந்து வந்து வெளியே அடுப்பு வைத்துப் புட்டு அவித்தார். அக்கா ஒவ்வொரு பின்னேரமும் பஸ் பிடித்து வந்தார். வாகனத்தில் தண்ணீர் இருக்கிறதா, காஸ் இருக்கிறதா என்று பார்க்கத்தான் என்றார்.

ஒருநாள் ஊரிலிருந்து என் அம்மா போன் எடுத்தார். சின்னவள் பேசினாள்.

"அம்மம்மா, நாங்கள் இப்ப காம்பிலை இருக்கிறம்!"

மறுமுனையில் ஒரு ஓலம். எங்கள் ஊரில் காம்ப் என்றால் இராணுவ முகாம், இல்லாவிட்டால் அகதி முகாம். நான் போனைப் பிடுங்கி, "அம்மா, இது அந்தக் காம்ப் இல்லை," என்று விளக்கி முடிக்கப் பெரும்பாடு பட்டேன். மாட்டைப் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் நம்பினார்.

பண்ணைக்காரர் பின்னேரங்களில் அந்தப் பக்கம் வரத் தொடங்கினார். முதலில் கேற்றைப் பார்க்க. பிறகு நாயைத் தேடி. பிறகு காரணம் சொல்லாமலே. அக்கா ஒரு தட்டில் இடியப்பமும் சொதியும் கொடுப்பார். சம்பலைத் தொட்டதும் அவருடைய காது சிவக்கும், ஆனாலும் தட்டைத் துடைத்துச் சாப்பிடுவார். ஒன்றை மட்டும் நான் கவனித்தேன். அக்கா எத்தனை தரம் உள்ளே கூப்பிட்டாலும் அவர் ஏறமாட்டார். தூறலில்கூடத் தட்டை ஏந்திக்கொண்டு படிக்கு வெளியே நிற்பார். ஏன் என்று நான் ஒருநாள் கேட்டேன். அது என் வாகனம் இல்லையே என்றார்.

புது வீட்டுச் சாவி வந்தது. நாங்கள் போனோம். வாகனம் டாகன்ஹாம் வளவுக்குத் திரும்ப வேண்டும். வரவில்லை. ஒரு மாதம் போனது, இன்னொரு மாதம் போனது. கராஜ்காரர் அந்த இடத்தில் வேறு வாகனத்தை விட்டுவிட்டார். தமிழ்க் கடைக் கல்லாவில் நின்ற பெண் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஜெர்மன் அக்கா எஸ்ஸெக்ஸ் பக்கம் அடிக்கடி போறாவாம். என்ன விசயம்?"

"மாடு பாக்கப் போறா," என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என் புதுச் சமையலறையில் வந்து இருந்தார். வழக்கமாக வந்ததும் கதை தொடங்குகிறவர், முருங்கைக்காயை எடுத்து நார் உரித்துக்கொண்டே இருந்தார்.

"தங்கச்சி, அந்தாள் ஒண்டு கேட்டவர்."

"என்ன கேட்டவர்?"

"வாகனத்தை அங்கையே விடச் சொல்லி."

"நல்லதுதானே. விடுங்கோவன்."

"என்னையும் எல்லோ விடச் சொல்லுறார்."

நான் சிரித்த சிரிப்பில் என் கணவர் ஓடிவந்தார். அக்காவும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு கையை எடுத்தபோது சிரிப்பு இல்லை. "பெடியன் ஒத்துக்கொள்ளமாட்டான்," என்றார்.

மகன் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மாவோடு அவன் எப்போதும் ஜெர்மன் மொழிதான் கதைப்பான். அந்த மொழியில் அவன் சத்தம் போட்டது அடுத்த வீட்டுக்காரர்களுக்கெல்லாம் கேட்டதாம். எத்தனையோ பேரை ஒதுங்க வைத்த அக்கா, அவனிடம் எதுவும் சொல்லத் தெரியாமல் இருந்தார். நான் அவனைப் பார்க்கப் போனேன். படித்து முடித்து அப்போதுதான் வேலை தொடங்கியிருந்தான். நல்ல பிள்ளை, மெதுவாகக் கதைக்கிறவன்.

"அன்ரி, அம்மா ஆரையும் கட்டட்டும். ஆனா அந்த வாகனம் அப்பான்ரை. அப்பா ஒரு நாள்கூட அதிலை படுக்கேல்லை. வேறை ஒராள் படுக்கிறதோ?"

"தம்பி, அந்த மனிசன் இதுவரைக்கும் அதுக்குள்ளை கால் வைச்சதில்லை."

அவன் நம்பவில்லை. நான் கண்டதைச் சொன்னேன், அவர் தூறலில் தட்டோடு நின்றதை, என்னிடம் சொன்ன பதிலை. இழுவை வண்டியைப் பற்றியும் சொன்னேன். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கலியாணத்துக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

பதிவுத் திருமணம் எஸ்ஸெக்ஸில் ஒரு சின்ன ஊரில் நடந்தது. அக்கா கத்தரிப்பூ நிறச் சேலை கட்டியிருந்தார். பண்ணைக்காரர் எங்கேயோ பத்திரப்படுத்தி வைத்திருந்த, நப்தலின் உருண்டை மணக்கிற கோட் சூட்டில் வந்தார். நானும் இவரும் சாட்சி. கையெழுத்துப் போடும்வரை அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் வரவில்லை. அதிகாரி வாழ்த்துச் சொன்னபோது அக்கா சிரித்தார், ஆனால் அது சரியாக வரவில்லை.

சாப்பாடு பண்ணையில். வைக்கோல் கொட்டிலில் மேசை போட்டு, பார்க்கிங்கிலிருந்து பாதி வீதி வந்திருந்தது. போலந்துக்காரரும் வந்திருந்தார். அக்கா தன் கலியாணத்துக்குத் தானே சமைத்திருந்தார். வேறு யாரையும் சட்டிக்குக் கிட்ட விடவில்லை. சோறு பரிமாறிக்கொண்டிருக்கும்போது ஒரு டாக்சி வந்து நின்றது. மகன் இறங்கினான். கையில் ஒரு பூங்கொத்து, அதை என்ன செய்வது என்று தெரியாத முகம். அக்கா அகப்பையைப் போட்டுவிட்டு ஓடவில்லை. அகப்பையோடேயே ஓடினார். அவனைக் கட்டிப்பிடித்ததில் அவனுடைய வெள்ளைச் சட்டையெல்லாம் பருப்பு.

சட்டையைத் துடைக்கத் தண்ணீர் தேடி அவன் வாகனத்துக்குப் போனான். உள்ளே ஏறிக் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. யாரும் போய்க் கூப்பிடவில்லை. அந்த நேரம் பார்த்து மழை கொட்டத் தொடங்கியது. வெளியே நின்றவர்கள் எல்லாம் கொட்டிலுக்குள் ஓடினார்கள். விருந்தாளிகளைக் கவனித்துக்கொண்டு கடைசியாகச் சாப்பாடு எடுத்த பண்ணைக்காரர் மட்டும் வாகனத்தின் பக்கம் ஒதுங்கினார். கூரை விளிம்பு அவருக்குப் போதவில்லை. நப்தலின் சூட்டின் ஒரு தோளில் தண்ணீர் ஒழுகியது. தட்டை மட்டும் நனையாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றார்.

கதவு திறந்தது. மகன் படியில் நின்று அவரைக் கீழே பார்த்தான். அவர் மரியாதைக்குத் தலையசைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் தள்ளி, மழைக்குள் நின்றார். மகன் குனிந்து அவருடைய கையிலிருந்த தட்டை வாங்கினான்.

"உள்ளை வாங்கோ," என்றான், தமிழில்.

அவருக்குச் சொல் விளங்கியிருக்காது. ஆனால் தட்டு உள்ளே போய்விட்டது, பையன் வழிவிட்டு நிற்கிறான். அவர் சப்பாத்தைப் புல்லில் இரண்டு பக்கமும் நன்றாகத் தேய்த்தார். கைப்பிடியைப் பிடித்தார். தலையைக் குனிந்து ஏறினார். கதவு சாத்திக்கொண்டது.

அக்கா கொட்டில் வாசலில் என் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். பிறகு ஒரு கிண்ணத்தை எடுத்து என் கையில் திணித்தார்.

"அவையள் ரெண்டு பேருக்கும் சொதி காணாது," என்றார். "ஓடிப்போய்க் குடுத்திட்டு வா. கதவைத் தட்டிப்போட்டு ஏறு."